கைக்காகிதத்தில் வாழ்த்து அட்டை: எந்தத் தாளுக்குக் காசு கொடுக்கலாம்?

கடையில் கைக்காகிதம் என்று கேட்டால் மூன்று விதமான சரக்கை எடுத்துப் போடுவார்கள். பருத்தித் துணிக் கூழைச் சல்லடைச் சட்டத்தால் கையால் அள்ளி எடுத்த தாள் ஒன்று. அதே கூழைச் சுழலும் உருளைச் சல்லடை எடுத்துக் கொடுத்த தாள் இன்னொன்று. மூன்றாவது, ஆலைக் காகிதத்தின் மேல் சொரசொரப்பை அழுத்திப் பதித்து ‘ஹேண்ட்மேட் ஃபினிஷ்’ என்று பேர் வைத்தது. வாழ்த்து அட்டைக்கும் கையால் தைக்கிற நோட்டுக்கும் முதல் இரண்டும் கொடுத்த காசுக்குத் தகும். மூன்றாவதற்கு அந்த விலை கொடுப்பதற்குப் பதில் ஐவரி போர்டு என்கிற வழவழப்பான ஆலை அட்டையை வாங்கிவிடலாம், வேலை சுத்தமாகவே முடியும்.

தாளைக் கையில் எடுத்ததும் ஓரத்தைப் பாருங்கள். கையால் எடுத்த தாளுக்கு நான்கு பக்கமும் வெட்டாத, மெலிந்து முடிகிற பிசிறு ஓரம் இருக்கும். கடைக்காரர் நான்கையும் நறுக்கி வைத்திருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்: உள்ளே மேகம் மாதிரித் திட்டுத் திட்டாகத் தெரிய வேண்டும். அச்சடித்த சொரசொரப்பு என்றால் ஒரே கோலம் அங்குலத்துக்கு அங்குலம் திரும்பத் திரும்ப வரும். மூலையில் சின்னத் துண்டு கிழித்துப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது. கைத்தாள் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒரே மாதிரிதான் கிழியும், கிழிந்த இடத்தில் நார் நீட்டிக்கொண்டு நிற்கும். உருளைத் தாளில் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் கோணலாகவும் கிழியும். அது குறையில்லை, மடிக்கும் திசையைப் பார்த்து வெட்ட வேண்டும் என்பதற்கான தகவல்.

நம் நாட்டுக் கைக்காகிதத்துக்கு முக்கியமான மூலப்பொருள் பனியன் தைக்கும் இடங்களில் வெட்டி விழுகிற பருத்தித் துண்டு. அலுவலகத்தில் புழங்குகிற ஜெராக்ஸ் தாள் அப்படியில்லை. மரக்கூழிலோ, கரூர் டி.என்.பி.எல். ஆலை செய்வதுபோல் கரும்புச் சக்கையிலோ வருவது. அவற்றின் நார் குட்டை. பருத்தி நார் நீளம். அட்டைக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் பெரிய லாபம்: பத்துத் தரம் திறந்து மூடினாலும் மடிப்பில் வெடிக்காது. கூழிலேயே சாயம் கலந்திருந்தால் மடிப்பில் வெள்ளை தெரியாது. மேலே தங்க வண்ணத்தில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்ட தாள்களுக்கு இந்த வாக்குறுதி செல்லாது. அந்தத் தங்கப் பூச்சு மடிப்பில் உதிரத்தான் செய்யும். அவற்றை மடிக்காமல், அட்டையின் முகப்பில் சதுரமாக வெட்டி ஒட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிற இடம் என்றால், புதுச்சேரி எஸ்.வி. படேல் சாலையில் ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் இருக்கிறது. அங்கே கிடைக்கிற பளிங்குத் தாளை, அதாவது தொட்டித் தண்ணீரில் சாயத்தை மிதக்கவிட்டு அந்தக் கோலத்தைத் தாளில் எடுக்கிற வகையை, நோட்டின் மேலட்டைக்கும் உறையின் உட்புறத்துக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஒரு தாளைப் போல் இன்னொன்று இருக்காது என்பதால் நான்கு நோட்டு ஒரே மாதிரி வேண்டுமென்றால் ஒரே பெரிய தாளிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள். கதர்க் கடைகளிலும் சில ஊர்களில் தாள் கிடைக்கும். ராஜஸ்தானத்துச் சாங்கானேரிலிருந்து வருகிற தாள் ஆன்லைனில் நிறையப் புழங்குகிறது. தலைமுறை தலைமுறையாகக் காகிதம் செய்கிற காக்ஜி சமூகத்தாரின் ஊர் அது. அங்கே உள்ள தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு வைத்திருப்பது நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் பெயர். ஆன்லைனில் வாங்கும்போது ஒரு சங்கடம்: தாளைச் சுருட்டிக் குழாயில் அனுப்புவார்கள். வந்தவுடன் பிரித்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு நாள் முழுக்கத் தட்டையாக வைக்காமல் கத்தியை எடுக்காதீர்கள். சுருள் நிமிராத தாளில் அளவுகோல் வழுக்கும்.

அடுத்தது கனம். பாதிப் பேர் தவறுவது இதில்தான். பல கடைகளில் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பது, எழுதியிருக்காது, கேட்டால் ‘திக்’, ‘மீடியம்’ என்று பதில் வரும். முழுத்தாள் அளவு பொதுவாக 22க்கு 30 அங்குலம். ஒரு தாளைச் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். 64 கிராம் இருந்தால் 150 ஜி.எஸ்.எம்., 85 கிராம் என்றால் 200, 128 கிராம் என்றால் 300. கைத்தாளில் தாளுக்குத் தாள் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், ஐந்து தாளைச் சேர்த்து நிறுத்துச் சராசரி எடுத்தால் சரியாக வரும்.

5க்கு 7 அங்குல அட்டைக்கு 200 ஜி.எஸ்.எம். வாங்குங்கள். கனமாக இருந்தால் மதிப்பாக இருக்கும் என்று 300க்குப் போவதில் ஒரு சிக்கல் இருக்கிறது: தபால். சாதாரணக் கடிதத்துக்குத் தபால் கட்டணம் 20 கிராம் 20 கிராமாகக் கணக்கிடப்படுகிறது. விரித்த அட்டை 10க்கு 7 அங்குலம். 300 ஜி.எஸ்.எம். தாளில் அதுவே 13.5 கிராம். 100 ஜி.எஸ்.எம். தாளில் செய்த உறை ஏறக்குறைய 7 கிராம். ஒரு சம்கிகூட ஒட்டுமுன் 20 தாண்டிவிட்டது. 200 ஜி.எஸ்.எம். என்றால் அட்டை 9, உறை 7, உள்ளே எழுதுவதற்கு ஒட்டுகிற ஒற்றை வெள்ளைத் தாள் 2 என்று 18 கிராமில் நிற்கும். அலங்காரத்துக்கு 2 கிராம் மிச்சம். கட்டணம் குறைவாக ஒட்டி அனுப்பினால் குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கைக் கடிதத்தைப் பெறுபவரிடம் கேட்பார்கள். பிறந்தநாள் அன்று மாமியாரிடம் தபால்காரர் காசு கேட்டு நிற்பது நல்ல வாழ்த்தாக இருக்காது.

150க்குக் கீழே போனால் வேறு தொல்லை. கடைகளில் உறையோடு சேர்த்துப் பொட்டலமாக விற்கும் வெற்று அட்டைகள் பெரும்பாலும் இந்தக் கனத்தில்தான் வருகின்றன. மேசையில் நிறுத்தினால் அரை மணி நேரத்தில் கால் அகட்டிச் சரிந்துவிடும். முன்பக்கம் ஏதாவது ஒட்டினால் இன்னும் சீக்கிரம். விலையையும் கணக்கிட்டால் முழுத்தாள் வாங்கி வெட்டுவதே மலிவு. இந்தப் பொட்டலங்களை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

முழுத்தாளை வெட்டும் கணக்கு இது. 22 அங்குலத்தில் 7 அங்குலமாக மூன்று, 30 அங்குலத்தில் 10 அங்குலமாக மூன்று. மொத்தம் ஒன்பது அட்டை. 22 பக்கத்தில் ஓர் அங்குலம் மிஞ்சும். 30 பக்கத்தில் ஒன்றுமே மிஞ்சாது, அதனால் இரு கோடியிலும் உள்ள பிசிறு ஓரம் வெட்டுப்படாமல் தங்கிவிடும். ஒன்பதில் ஆறு அட்டைக்குத் திறக்கிற பக்கத்தில் இயற்கையான பிசிறு கிடைக்கும். அதை முன்பக்கமாக வைத்து மடியுங்கள். நடு வரிசை மூன்றும் நாற்புறமும் நேராக இருக்கும். கைத்தாள் 30 அங்குலத்துக்குக் கால் அங்குலம், அரை அங்குலம் குறைவாக இருப்பதும் உண்டு. முதலில் அளந்துவிட்டு, குறைந்தால் அந்தக் குறையை நடு வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு ஸ்டீல் ஸ்கேலும், நுனி உடைத்துப் புதுப்பிக்கும் கட்டரும். ஒரே அழுத்தில் வெட்ட நினைத்தால் பருத்தி நார் கத்தியோடு இழுபட்டு ஓரம் பஞ்சாக நிற்கும். அழுத்தாமல் மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். இரண்டு முழுத்தாளுக்கு ஒரு தரம் நுனியை உடைத்துவிடுங்கள். நடு வரிசைக்கும் பிசிறு ஓரம் வேண்டும் என்றால், மெல்லிய பிரஷைத் தண்ணீரில் தொட்டு ஸ்கேலை ஒட்டிக் கோடு இழுத்து, அரை நிமிடம் ஊறவிட்டு, ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு தாளைத் தன் பக்கமாக இழுத்துக் கிழிக்கலாம். அதற்காக அரை அங்குலம் கூடுதலாக விட்டிருக்க வேண்டும்.

பூ, பட்டாம்பூச்சி வடிவம் வெட்டும் கிராஃப்ட் பஞ்ச் கருவிகள் இந்தத் தாளோடு ஒத்துப்போகாதவை. 200 ஜி.எஸ்.எம். பருத்தித் தாளை உள்ளே விட்டால் பாதி வெட்டி மாட்டிக்கொள்ளும். அடியில் ஒரு ஜெராக்ஸ் தாளைச் சேர்த்து வைத்து அழுத்தினால் ஓரளவு சுத்தமாக வரும். அப்படியும் இழுத்தால் அலுமினிய ஃபாயிலை நான்காக மடித்து ஏழெட்டுத் தரம் வெட்டி அந்தக் கருவியின் முனையைத் தீட்டிக்கொள்ளலாம். பஞ்ச் வேலைதான் உங்கள் பாணி என்றால் அந்த உருவங்களுக்கு மட்டும் ஆலைத்தாள் வாங்குங்கள்.

மடிப்புக் கோட்டுக்கு விலை கொடுத்துக் கருவி வாங்கத் தேவையில்லை. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா போதும். பழைய துணி மடித்த மெத்தைமேல் தாளை வைத்து, ஸ்கேலை ஒட்டி இரண்டு தரம் அழுத்தி இழுங்கள். அழுத்திய பக்கம் பள்ளமாகவும், மறுபக்கம் சின்ன வரப்பாகவும் எழும். மடிக்கும்போது அந்த வரப்பு உள்ளே போக வேண்டும், பள்ளம் வெளியே. பார்வைக்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் பள்ளத்தை உள்ளே வைத்து மடித்தால் வெளிப்பக்க நார் அதிகம் இழுபட்டு மடிப்பு தடித்துப் போகும், அட்டை முழுசாக மூடாது.

எழுதுவதுதான் கைக்காகிதத்தின் பலவீனம். அதுவும் எல்லாத் தாளிலும் இல்லை, ஒட்டுப்பசை ஏற்றாத தாளில். செய்யும்போது கூழிலோ, காய்ந்த பின் மேலேயோ பசை ஏற்றியிருந்தால் மை நின்று எழுதும். இல்லாவிட்டால் ஒற்றுத்தாள் மாதிரி உறிஞ்சி, எழுத்தின் இரு பக்கமும் வேர்விடும். கடையிலேயே சோதிக்கலாம்: ஓரத்தில் விரல்நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர். ஒரு நிமிடம் முத்தாக நின்றால் வாங்கலாம். வைத்த உடனே கறையாகப் பரவினால் அந்தத் தாளை ஒட்டு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் ‘சைஸ்டு’, அதாவது பசை ஏற்றியது, என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் போட்டிருக்காவிட்டால், விற்பவரைக் கேட்காமல் பத்துத் தாள் வாங்காதீர்கள்.

பேனாவில் பிக்மெண்ட் மை உள்ள படம் வரையும் பேனாக்கள், மைக்ரான், யூனிபின் போன்றவை, 0.5 அல்லது அதற்குத் தடித்த நுனி. 0.1 நுனியில் நார் சிக்கி இரண்டு வரியில் எழுத்து மங்கிவிடும். ஜெல் பேனா மேடுகளில் விட்டு விட்டு எழுதும். எழுதுவதற்கு முன் அந்த இடத்தை ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்த்தால் மட்டப்படும். ஃபவுண்டன் பேனாவுக்கு நன்றாகப் பசை ஏற்றிய வழவழப்பான தாள் மட்டும். சந்தேகமாக இருந்தால் உள்ளே வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி அதில் எழுதுவதே உத்தமம். எழுத்துப்பிழை வந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இப்போது எல்லோரும் ஆசைப்பட்டு எடுக்கிற வகைக்கு வருவோம்: பூவிதழ், இலை, வைக்கோல் துணுக்குகள் பதித்த தாள். கடையில் அழகு இதுதான். அட்டைக்கு முழுத்தாளாக இதை வாங்குவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. இதழ் இருக்கும் இடத்தில் பேனா தடுக்கும், மை பிடிக்காது. நாளாக ஆக இதழின் நிறம் பழுப்பாகும், வெயில் படும் இடத்தில் வைத்தால் இன்னும் வேகமாக. இதற்கெல்லாம் மேல், தண்ணீர் கலந்த பசை தடவும்போது சில இதழ்களிலிருந்து சாயம் கசிந்து சுற்றிலும் மஞ்சளாகவோ ஊதாவாகவோ வளையம் விழும். ஓரத்து இதழ் ஒன்றின்மேல் ஈரப் பஞ்சை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கசிகிற தாளை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். 2 அங்குலப் பட்டையாக முகப்பில் ஒட்டினாலே அந்த அழகு கிடைத்துவிடும், ஒரு முழுத்தாள் நாற்பது அட்டைக்கு மேல் வரும்.

விதைத் தாள் பற்றி ஒரு வரி. துளசி, சாமந்தி மாதிரிச் சின்ன விதை உள்ளதை, வாங்கிய சில மாதத்துக்குள் கொடுத்துவிடும்படி வாங்குங்கள். அதன்மேல் பிளாஸ்டிக் கல், கிளிட்டர் ஒட்டினால் மண்ணில் புதைக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு அர்த்தமில்லை.

பசையில் ஃபெவிகால் எம்.ஆர். போதும், ஆனால் குழாயிலிருந்து நேரே பிழியாதீர்கள். நான்கு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, விறைப்பான தட்டைப் பிரஷால், ஒட்டும் துண்டின் பின்பக்கம் முழுக்க மெலிதாக. அதிகமானால் பருத்தி ஈரத்தைக் குடித்து விரியும், காயும்போது சுருங்கி அட்டையே வில்லாக வளையும். ஒட்டியதும் மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் மூன்று மணி நேரம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஓர் இரவு முழுக்க வைக்க வேண்டியிருக்கும். முகப்பில் பெரிய தாள் ஒட்டியும் வளைந்தால், உள்பக்கமும் அதே அளவுத் தாள் ஒன்றை ஒட்டினால் இழுப்பு சமமாகிவிடும்.

குந்தன் கல், சம்கிக்குத் துணிப் பசை சிறந்தது. ஒரு சொட்டில் பிடிக்கிற சயனோஅக்ரிலேட் வகைப் பசையை இந்தத் தாளில் கட்டாயம் தவிர்க்கவும். அது பருத்தியோடு சேர்ந்தால் சட்டென்று சூடாகும், அதிகமாகக் கொட்டினால் விரல் சுடுகிற அளவுக்கு. கறுப்பு, கருநீலத் தாள்களில் சுற்றிலும் வெண்புகை படிந்த மாதிரி மங்கலும் விடும். புத்தகம் பைண்ட் செய்பவர்களின் மைதாப் பசை நல்ல பிடிமானம்தான். ஆனால் பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது நஞ்சு, குழந்தைகள் கைக்குப் போகும் பரிசுக்கு வேண்டாம்.

அட்டையைத் தாண்டி இந்தத் தாளுக்கு மிகச் சரியான பரிசு, கையால் தைத்த சின்ன நோட்டு. மேலட்டைக்கு 200 ஜி.எஸ்.எம். அல்லது பளிங்குத் தாள், உள்ளே 100 ஜி.எஸ்.எம். தாள் ஆறு. நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் 24 பக்கம். ஏழு எட்டுத் தாளுக்கு மேல் வைத்தால் உள்தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மடிப்பில் மூன்று ஓட்டை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஒவ்வொன்று. ஊசியால் குத்தினால் போதும், பெரிய ஓட்டை வேண்டாம். நூல், நோட்டின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு. மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்காது.

நடு ஓட்டையில் உள்ளிருந்து வெளியே, மேல் ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே, நடுவை விட்டுவிட்டு நேராகக் கீழ் ஓட்டையில் உள்ளிருந்து வெளியே, கடைசியாக நடு ஓட்டை வழியாகத் திரும்ப உள்ளே. இப்போது நூலின் இரு முனையும் உள்ளே நடுவில் இருக்கும். நீளத் தையலின் இரு பக்கமும் ஒவ்வொரு முனை வரும்படி வைத்து, அதன்மேல் முடிச்சுப் போடுங்கள். இறுக்கும்போது நூலை மடிப்பின் திசையிலேயே மேலும் கீழுமாக இழுங்கள். தன் பக்கமாக இழுத்தால் தாள் ஓட்டையிலிருந்து கிழியும். மெல்லிய கைத்தாளில் இது சாதாரணமாக நடப்பது. முழுத்தாளின் 22 அங்குலப் பக்கத்தில் மிஞ்சிய அந்த ஓர் அங்குலப் பட்டை இருக்கிறதல்லவா, அதையே நோட்டைச் சுற்றி வளைத்துப் பின்னால் ஒட்டினால் கழற்றி மாட்டுகிற பட்டியாகிவிடும். பெயரை அதில் எழுதிக்கொள்ளலாம்.

வீட்டு பிரிண்டரில் விடலாமா என்று கேட்பவர்களுக்கு: இங்க்ஜெட்டில் 150 ஜி.எஸ்.எம். வரை, பின்பக்கமாகத் தாள் விடும் வகை என்றால், ஒவ்வொரு தாளாக விடலாம். முன்னதாகத் துணியால் துடைத்து உதிரும் நாரை எடுத்துவிடுங்கள். லேசரில் வேண்டாம். சொரசொரப்பில் டோனர் சரியாக ஒட்டாது, நகத்தால் சுரண்டினால் எழுத்து வந்துவிடும்.

மிச்சத் தாளைச் சுருட்டி வைக்காதீர்கள். பெரிய பாலிதீன் உறையில் தட்டையாக, சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்கு மேலோ படுக்க வையுங்கள். ஒருமுறை ஈரம் ஏறிப் பழுப்புப் புள்ளி விழுந்தால் அது போகாது. அந்த இடத்தை விட்டு வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.